பிறர் பொருள்

தமிழ் மொழியில் 'நாணயம்' என்று ஒரு சொல் இருக்கிறது. தங்கசாலையில் அடித்து வெளிவரும் காசுக்கும் அதுவே பெயர். சொன்ன சொல் தவறாத மனிதனின் குணத்துக்கும் அதுவே பெயர். ஒன்றில்லாமல் மற்றொன்று செல்லுபடியாகாது என்பதை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தார்கள் போலும்!

கடைத் தெருவில் மளிகை வியாபாரம் செய்கிறவருடைய நாணயத்தை அறிந்து கொள்ள நமக்கு அதிக நாள் வேண்டியதில்லை. தராசு முள்ளைப் பார்க்கிறோம். அவர் முகத்தையும் பார்க்கிறோம். பருப்பில் கல் இருந்தால் மறுநாளே அவர் கடை வாசலில் நின்று சண்டை பிடிக்கிறோம். ஆனால் கம்பெனிக்கு முகம் ஏது? பங்குதாரர்கள் ஓரூரிலும், டைரக்டர்கள் ஓரூரிலும், தொழிற்சாலை வேறோர் ஊரிலும் இருக்கின்றன. கம்பெனி நொடித்துப் போனாலும், பங்குதாரர் தாம் போட்ட பங்குத் தொகைக்கு மேல் இழக்க வேண்டியதில்லை. அதுதான் 'லிமிடெட்' என்ற சொல்லின் தாத்பரியம். பலர் துணிந்து முதல் போடவும், பெரிய தொழில்கள் வளரவும் இந்த ஏற்பாடு பேருதவி செய்திருக்கிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் சட்டம் எல்லை கட்டியது கடன் பொறுப்புக்குத்தான், மனச்சாட்சிக்கு அல்ல. இந்த வேற்றுமையை மறந்த கம்பெனித் தலைவர்களால் விளைந்த துன்பங்கள் சொல்லி முடியாதவை.

கம்பெனித் தலைவர் ஒருவர் நாள்தோறும் கையாளும் பொருளில் அவருக்குச் சொந்தமானது எவ்வளவு? ஆராய்ந்தால் மிகவும் கொஞ்சம் என்றே தெரியவரும். பணம் பிறருடையது, உழைப்பு பிறருடையது, சரக்கை வாங்கி உண்கிறவர்களின் உயிரும், ஆலைக்கு அடுத்த தெருவில் உறங்குகிற குழந்தைகளின் உயிரும் பிறருடையவை. வள்ளுவர் வணிகருக்கென்று கூறிய புத்திமதியும் இதைப் பற்றியதே. பிறர் பொருளையும் தம் பொருள் போலப் பேண வேண்டும் என்ற கருத்தை 'நடுவு நிலைமை' அதிகாரத்தின் கடைசிக் குறளில் அவர் வைத்தார். அந்த அதிகாரம் பொருட்பாலில் இல்லை. அறத்துப்பாலில் இருக்கிறது என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும்.

ஒரே வாரத்தில் இரண்டு செய்திகள்

முதலில் பிறர் பணத்தைப் பார்ப்போம்.

1906-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 16-ந் தேதி தூத்துக்குடியில் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி பதிவாயிற்று. ஆறு நாள் கழித்து, 22-ந் தேதி, சென்னையில் அர்பத்நாட் கம்பெனி கதவை மூடிற்று. ஒரே வாரத்தில் தமிழ் நாட்டில் ஒரு கம்பெனி பிறந்தது. ஒரு கம்பெனி மாண்டது. இவ்விரண்டின் கதையையும் சேர்த்துப் படிப்பது நலம்.

பாரி, பின்னி, அர்பத்நாட் என்பவை அந்நாளில் சென்னையின் பெயர் பெற்ற வெள்ளைக்கார வியாபார ஸ்தாபனங்கள். அவற்றுள் அர்பத்நாட் ஏறக்குறைய நூறு வருஷப் பழமை கொண்டது. மலை அசைந்தாலும் அது அசையாது என்று ஜனங்கள் நம்பினார்கள். பென்ஷன் பெற்ற உத்தியோகஸ்தர்களும், விதவைகளும், சிறுகச் சிறுகச் சேர்த்த நடுத்தரக் குடும்பத்தாரும் அங்கே பணம் போட்டு வைத்திருந்தார்கள். அந்தப் பணமோ கடல் கடந்து, சூதாட்டத்துக்கு ஒப்பான யூக வியாபாரத்தில் சிக்கியிருந்தது. லண்டனிலிருந்த கூட்டாளி ஸ்தாபனம் பெருநஷ்டத்தில் மூழ்கியது; அதன் தலைவர் தற்கொலை செய்து கொண்டார்; சென்னை ஸ்தாபனம் தொடர்ந்து விழுந்தது. அதன் தலைவரான ஸர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்கு நீதிமன்றம் 18 மாதச் சிறைத் தண்டனை விதித்தது. தண்டனையினால் நீதி நிலைத்தது. ஆனால் ஒரு விதவையின் பெட்டியிலிருந்து போன காசைச் சிறைக் கதவு திருப்பித் தராதல்லவா?

இந்த வீழ்ச்சியைப் பற்றிய வழக்கில் ஈடுபட்ட வக்கீல் ஸ்ரீ வி. கிருஷ்ணசாமி ஐயர், நம்மவர் பணத்தைக் காக்க நம்மவரே பாங்கி தொடங்க வேண்டும் என்று முயன்றார். நகரத்தார் சமூகத்தினர் துணை நின்றார்கள். 1907 மார்ச்சில் இந்தியன் பாங்கி பதிவாகி, ஆகஸ்ட் 15-ந் தேதி வேலையைத் துவக்கியது. சரியாக நாற்பது ஆண்டு கழித்து அதே தேதி நம் தேசத்தின் சுதந்திர தினமாயிற்று.

தூத்துக்குடிக்கு வருவோம். ஸ்ரீ வ. உ. சிதம்பரம் பிள்ளை தொடங்கிய கம்பெனியின் மூலதனம் 10 லட்சம் ரூபாய். ஒரு பங்கின் விலை 25 ரூபாய். சாதாரண மனிதரும் கப்பலுக்குப் பங்காளி ஆகலாம் என்பது ஏற்பாடு. 'காலியா', 'லாவோ' என்ற இரண்டு கப்பல்கள் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடின. போட்டியாக இருந்த பிரிட்டிஷ் கம்பெனி கட்டணத்தைத் தரைமட்டத்துக்குக் குறைத்தது. அப்படிப்பட்ட நெருக்கடி வேளையில், 1908-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் கூலி உயர்வும் வார ஓய்வும் கேட்டு வேலை நிறுத்தம் செய்தார்கள். தாமே ஒரு கம்பெனியை நடத்திக் கொண்டிருந்த பிள்ளையவர்கள் 'நமக்கேன் வம்பு?' என்று ஒதுங்கியிருக்கலாம். அவர் ஒதுங்கவில்லை; சுப்பிரமணிய சிவாவுடன் சேர்ந்து தொழிலாளர் பக்கம் நின்றார். கோரிக்கைகளுக்கு நிர்வாகம் இணங்கியது. மார்ச் மாதம் பிள்ளையவர்கள் கைதானார். தலைவரை இழந்த சுதேசிக் கம்பெனி 1911-இல் கலைந்தது.

இரண்டு கம்பெனிகளும் நஷ்டத்தில்தானே முடிந்தன என்று கேட்கலாம். உண்மைதான். வியாபாரத்தில் நஷ்டம் வருவது பாவமன்று. புயலில் சிக்கிய கப்பல் முழுகுவது உண்டு. ஆனால் பிரயாணிகளுக்குத் தெரியாமல் கப்பலின் அடிப்பலகையைப் பெயர்த்து விற்பது வேறு விஷயம். நஷ்டத்தையும் மோசத்தையும் பிரித்தறிவது நாம் கற்க வேண்டிய முதற்பாடம்.

சத்தியம் என்ற பெயர்

இதெல்லாம் வெள்ளைக்காரன் காலத்துச் சங்கதி, இப்போது கணக்குப் பரிசோதகர்களும் சட்டங்களும் இருக்கின்றனவே என்று சிலர் எண்ணக்கூடும். ஹைதராபாத்தில் 1987-இல் தோன்றிய 'சத்யம்' கம்ப்யூட்டர் கம்பெனியின் சரித்திரம் அவர்களுக்கு விடை சொல்லும்.

அந்தக் கம்பெனியில் ஏறக்குறைய 50,000 பேர் வேலை பார்த்தார்கள். தமிழ் நாட்டுப் பிள்ளைகளும் அவர்களுள் அநேகர். கம்பெனி நிர்வாகத்தைச் சிறப்பாக நடத்துவதற்கென்று வழங்கப்படும் 'தங்க மயில்' பரிசு 2008-இல் அதற்குக் கிடைத்தது. சில மாதம் சென்றது. 2009 ஜனவரி 7-ந் தேதி கம்பெனித் தலைவர் ராமலிங்க ராஜு டைரக்டர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். கணக்கில் காட்டிய ரொக்கத்தில் 5,040 கோடி ரூபாய் உண்மையில் இல்லவே இல்லை என்று அதில் ஒப்புக்கொண்டார். உண்மை லாபத்துக்கும் எழுதிய லாபத்துக்கும் முதலில் இருந்தது சிறிய வித்தியாசம். அதை மறைக்க அடுத்த ஆண்டு மற்றொரு பொய், அதை மறைக்க இன்னொன்று. இவ்விதம் வளர்ந்த பொய், ஏறி உட்கார்ந்த புலியைப் போல் இறங்கவும் விடாமல் ஆயிற்று என்பது அக்கடிதத்தின் சாரம். தங்க மயிலைக் கொடுத்தவர்கள் அதைத் திரும்பப் பெற்றுக் கொண்டார்கள்.

இந்தச் சரித்திரத்தில் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, பெரிய மோசடி பெரியதாகப் பிறப்பதில்லை. அடுத்த மூன்று மாதத்தில் சரிக்கட்டி விடலாம் என்ற சிறிய பொய்யாகவே பிறக்கிறது. அன்றைய தினம் யாரேனும் ஒருவர், 'ஐயா, இந்த எண் தவறு, இப்படியே அச்சிட முடியாது' என்று சொல்லி, அச்சொல்லைத் தலைவர் ஏற்றுக் கொண்டிருந்தால், பங்கின் விலை கொஞ்சம் இறங்கியிருக்கும், கம்பெனி பிழைத்திருக்கும்.

இரண்டாவது, பரிசும் பட்டமும், அழகான அச்சில் வரும் ஆண்டறிக்கையும் நாணயத்துக்கு அத்தாட்சி ஆகமாட்டா. சத்யத்தின் கணக்கில் பரிசோதகர்கள் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். டைரக்டர்கள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து அதை அங்கீகரித்தார்கள். காகிதத்தில் எல்லாம் ஒழுங்காகவே இருந்தது. பாங்கியில் நேராகக் கேட்டுச் சரிபார்க்க வேண்டிய எளிய காரியத்தைச் செய்வார்தாம் இல்லை.

பிற்பாடு சர்க்கார் தலையிட்டுப் புதிய டைரக்டர்களை நியமித்தது. சுமார் மூன்று மாதத்தில் கம்பெனி வேறு கைக்கு மாறி, பல்லாயிரம் குடும்பங்கள் தெருவில் நிற்காமல் தப்பின. 2015 ஏப்ரலில் ஹைதராபாத் தனி நீதிமன்றம் ராஜுவுக்கும் மற்றவர்களுக்கும் 7 ஆண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. அப்பீலின் பேரில் அடுத்த மாதமே தண்டனை நிறுத்தி வைக்கப்பட்டு, அவர்கள் ஜாமீனில் வெளிவந்தார்கள்.

தர்மகர்த்தா

பணத்தைப் போலவே உழைப்பும் ஒப்படைக்கப்பட்ட பொருள்தான். ஒருவன் தன் வாழ்நாளில் பெரும் பகுதியை ஆலைக்குள்ளோ ஆபீஸிலோ கழிக்கிறான். அந்த நாட்களைத் திருப்பிக் கொடுக்க எந்தப் பாங்கியாலும் முடியாது.

செல்வம் படைத்தவர்கள் தங்களை அச்செல்வத்தின் தர்மகர்த்தாக்களாகவே கருத வேண்டும் என்று மகாத்மா காந்தி வற்புறுத்தி வந்தார். தர்மகர்த்தா என்றால் யார் என்று நம்மவருக்கு விளக்க வேண்டியதில்லை. கோயில் நகையைப் பூட்டி வைப்பவர் அவர், சாவி அவர் இடுப்பில் இருக்கும், நகை அவருடையதல்ல. திருவிழா முடிந்தால் ஊரார் முன்னிலையில் கணக்குக் காட்ட வேண்டும். தம் வீட்டுக் கல்யாணத்துக்கு அம்மன் அட்டிகையை இரவல் எடுத்தவரை, மறுநாளே திருப்பி வைத்தாலும், ஊர் மன்னிக்காது.

காந்தியடிகள் இக்கொள்கையை வாயால் மாத்திரம் சொல்லவில்லை. 1918-இல் ஆமதாபாத் மில் தொழிலாளர்கள் நூற்றுக்கு 35 வீதம் கூலி உயர்வு கேட்டார்கள். எதிர்த்த மில் முதலாளிகளுக்குத் தலைமை வகித்தவர் அம்பாலால் சாராபாய். இவர் காந்தியடிகளின் நண்பர். ஆசிரமம் பணமின்றித் தவித்த சமயத்தில் பெயர் சொல்லாமல் பெருந்தொகை கொடுத்து உதவியவர் இவரே என்பர். தொழிலாளர் பக்கத்தில் முன்னின்றவரோ அம்பாலாலின் சொந்தச் சகோதரி அனசூயா பென்! காந்தியடிகள் கொடுத்த கையைப் பார்த்து நியாயத்தை விட்டாரா? இல்லை. தொழிலாளர் பக்கம் நின்றார். அவர்கள் உறுதி தளர்ந்தபோது உண்ணாவிரதம் இருந்தார். முடிவில் விவகாரம் மத்தியஸ்தத்துக்கு விடப்பட்டது. 35 வீதமே தீர்ப்பாயிற்று. நன்கொடை ஒரு பேரேடு, கூலி மற்றொரு பேரேடு. ஒன்றின் வரவை வைத்து மற்றொன்றின் கடனைத் தீர்க்க முடியாது என்பதே இதன் உட்பொருள்.

இந்த உட்பொருளை நம் காலத்துக் கம்பெனிகள் மறவாதிருப்பது அவசியம். 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம், குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட பெரிய கம்பெனிகள் முந்திய மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் நூற்றுக்கு 2 பங்கைச் சமூக நலனுக்குச் செலவிட வேண்டும் என்று விதித்தது. நல்ல சட்டம்தான். அதனால் எத்தனையோ பள்ளிக்கூடங்களுக்குக் கூரையும், கிராமங்களுக்குக் குடிநீரும் கிடைத்திருக்கின்றன. ஆயினும் ஒரு கேள்வி: 2 பங்கைத் தர்மம் செய்கிற கம்பெனி, மற்ற 98 பங்கை எவ்விதம் சம்பாதித்தது? ஆற்றில் சாயக் கழிவை விட்டுவிட்டு, அதே ஆற்றங்கரையில் ஆஸ்பத்திரி கட்டுவது தர்மமாகுமா?

சம்பாதிக்கும் முறையிலேயே தர்மத்தைப் புகுத்தியவர்களும் நம் தேசத்தில் உண்டு. 1907-இல் தோன்றிய டாட்டா இரும்புக் கம்பெனி 1912-இல் எட்டு மணி நேர வேலை முறையை ஏற்றுக் கொண்டது. 1920-இல் சம்பளத்துடன் விடுமுறையும் தொழிலாளர் சேமநிதியும், 1928-இல் பிரசவ கால உதவியும், 1934-இல் லாபத்தில் பங்கும் அங்கே நடைமுறைக்கு வந்தன. சம்பளத்துடன் விடுமுறையைத் தொழிற்சாலைச் சட்டம் கட்டாயமாக்கியது 1948-இல். போனஸ் சட்டம் வந்தது 1965-இல். சட்டம் வந்து கதவைத் தட்டும் முன்பே கதவைத் திறந்து வைத்தவர்கள் என்று அவர்களைப் பாராட்டுவது தகும். ஆனால் அங்கும் எல்லாம் முதலாளியின் கருணையால் மாத்திரம் வந்துவிடவில்லை. 1920-லும், 1922-லும், 1928-லும் ஜம்ஷெட்பூரில் பெரிய வேலை நிறுத்தங்கள் நடந்தன. 1928-இல் சுபாஷ் சந்திர போஸே தொழிலாளர்களுக்காக அங்கே சென்று சமரசம் பேச வேண்டியிருந்தது. தர்மகர்த்தா எவ்வளவு நல்லவராக இருந்தாலும், கணக்குக் கேட்க ஊரார் இருந்தே தீர வேண்டும்.

பிறர் உயிர்

எல்லாவற்றிலும் பெரிய ஒப்படைப்பு உயிர். பணம் போனால் மீண்டும் சேர்க்கலாம், கூலி குறைந்தால் போராடிப் பெறலாம், உயிர் அப்படியன்று.

1984 டிசம்பர் 2-ந் தேதி நள்ளிரவில் போபாலில் யூனியன் கார்பைடு பூச்சி மருந்துத் தொழிற்சாலையிலிருந்து விஷ வாயு கசிந்தது. உறங்கிக் கொண்டிருந்த ஆயிரக்கணக்கான ஏழை ஜனங்கள் விடியுமுன் மாண்டார்கள். லட்சக்கணக்கானோர் கண்ணும் நுரையீரலும் கெட்டு நோயாளியானார்கள். அது வானத்திலிருந்து விழுந்த இடி அன்று. 1982-இல் கம்பெனியின் சொந்த நிபுணர்களே வந்து பார்த்து, அங்குள்ள அபாயங்களைக் குறித்துக் கொடுத்திருந்தார்கள். போபால் பத்திரிகையாளர் ராஜ்குமார் கேஸ்வானி தம் பத்திரிகையில் எச்சரித்து எழுதினார். அந்த இரவிலோ, விஷப் பொருளைக் குளிர்ந்த நிலையில் வைத்திருக்க வேண்டிய இயந்திரம் மாதக்கணக்காக நிறுத்தப்பட்டுக் கிடந்தது; கசியும் வாயுவை எரிப்பதற்கான கோபுரம் இணைப்பு அறுந்து கிடந்தது. தொழிற்சாலை லாபம் தரவில்லையென்று செலவைக் குறைத்துக் கொண்டே வந்த காலம் அது. சிக்கனம் நல்ல குணந்தான். ஆனால் பிறர் உயிரைப் பணயம் வைத்துச் செய்வது சிக்கனமாகாது.

1989-இல் 47 கோடி டாலர் நஷ்டஈட்டுடன் வழக்கு சமரசமாயிற்று. 2010-இல், ஏறக்குறைய 26 ஆண்டு கழித்து, இந்திய அதிகாரிகள் ஏழு பேருக்கு இரண்டாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. அமெரிக்கத் தலைமைக் கம்பெனியின் தலைவராயிருந்த வாரன் ஆண்டர்ஸன் விசாரணைக் கூண்டில் ஏறாமலே 2014-இல் காலமானார்.

இதற்கு இரண்டாண்டு முன்பு, அமெரிக்காவில் சிகாகோ நகரை அடுத்த பகுதியில் ஒரு விபரீதம் நிகழ்ந்தது. 1982 செப்டம்பர் கடைசியில், தலைவலிக்கென்று 'டைலினால்' மாத்திரைக் குப்பியை வாங்கி உட்கொண்ட ஏழு பேர் மாண்டார்கள். யாரோ ஒரு பாதகன் கடையிலிருந்த குப்பிகளில் சயனைடு விஷத்தைக் கலந்திருந்தான். குற்றம் கம்பெனியின்மீது இல்லை. தொழிற்சாலையில் தவறு நடக்கவுமில்லை. 'எங்கள் பொறுப்பல்ல' என்று ஜான்ஸன் அண்டு ஜான்ஸன் கம்பெனி சொல்லியிருந்தால், சட்டம் ஒருவேளை ஆமோதித்திருக்கும். ஆனால் தலைவர் ஜேம்ஸ் பர்க் அப்படிச் சொல்லவில்லை. அம்மாத்திரையை உட்கொள்ள வேண்டாம் என்று ஜனங்களைக் கம்பெனியே எச்சரித்தது. தேசமெங்கும் கடைகளிலிருந்த 3 கோடியே 10 லட்சம் குப்பிகளைத் திரும்பப் பெற்றது. அவற்றின் மதிப்பு 10 கோடி டாலருக்கு மேல். சில வாரங்களுக்குள், எவரேனும் திறந்திருந்தால் வெளிப்படையாகத் தெரியும்படியான புதிய மூடியுடன் மருந்து கடைக்கு வந்தது. மருந்துக் குப்பியைத் திறக்கும்போது இன்று நாம் கிழிக்கும் முத்திரைத் தாளுக்குப் பின்னால் இந்தச் சரித்திரம் இருக்கிறது. இழந்த வியாபாரத்தின் பெரும் பகுதியை ஓராண்டுக்குள் கம்பெனி மீட்டுக் கொண்டது.

அந்தக் கம்பெனிக்கு 1943-இல் எழுதிய ஒரு பிரமாணம் உண்டு. மருந்தை உபயோகிப்போர் முதலில், வேலை செய்வோர் அடுத்து, ஊரும் சமூகமும் அதற்கடுத்து, பங்குதாரர் கடைசியில் என்பது அதன் வரிசை. 1982-இல் அந்த வரிசை காகிதத்திலிருந்து இறங்கிக் காரியத்துக்கு வந்தது. ஆனால் கதையை இத்துடன் முடித்தால் நாம் நேயர்களுக்கு உண்மை முழுவதையும் சொன்னவர்களாக மாட்டோம். அதே கம்பெனியின் முகப் பவுடரால் நோய் வந்ததாகப் பிற்காலத்தில் ஆயிரக்கணக்கான வழக்குகள் எழுந்தன. பவுடரில் தீங்கில்லை என்று கம்பெனி வாதித்தது. எனினும் டால்க் கலந்த குழந்தைப் பவுடரை 2023-இல் உலகெங்கும் நிறுத்தியது. நற்பெயர் என்பது பரம்பரைச் சொத்தன்று. ஒரு தலைவர் ஈட்டியதை அடுத்த தலைவர் உயில் மூலம் பெற முடியாது. அவரும் அவர் காலத்தில் விலை கொடுத்தே ஈட்ட வேண்டும்.

சட்டம் எது வரை?

சட்டம் வீண் என்று நாம் சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். ஒவ்வொரு வீழ்ச்சிக்குப் பின்னும் சட்டம் ஓர் அடி முன்னேறியிருக்கிறது. 1960-இல் கேரளத்தில் பாலாய் சென்ட்ரல் பாங்கி விழுந்தது. அதையொட்டி 1962 முதல் பாங்கி டெபாசிட்டுகளுக்கு இன்ஷ்யூரன்ஸ் வந்தது. அன்று 1,500 ரூபாய் வரை இருந்த பாதுகாப்பு 2020 பிப்ரவரியில் 5 லட்சமாயிற்று. தமிழ் நாட்டில் அதிக வட்டி ஆசை காட்டிய பைனான்ஸ் கம்பெனிகள் பல 1990-க்குப் பின் கதவடைத்தன. 1997-இல் டெபாசிட்தாரர் நலப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. சத்யம் விழுந்த பிறகு வந்த 2013-ஆம் ஆண்டுச் சட்டம், டைரக்டர்கள் பங்குதாரர் நலத்தோடு தொழிலாளர், சமூகம், சுற்றுப்புறம் ஆகியவற்றின் நலத்தையும் கருத வேண்டும் என்று எழுதி வைத்தது. பங்குச் சந்தையிலுள்ள கம்பெனிகள் ஒரே கணக்குப் பரிசோதகரைக் காலவரையின்றி வைத்துக்கொள்வதைத் தடுத்தது. உள்ளே நடக்கும் தவறை உத்தியோகஸ்தர் அச்சமின்றி மேலே தெரிவிப்பதற்கு வழி செய்யும்படியும் கட்டளையிட்டது.

ஆனால் வரலாற்றைக் கூர்ந்து நோக்கினால் ஒன்று தெரிகிறது. சட்டம் எப்போதும் பிரேத ஊர்வலத்தின் பின்னால்தான் வருகிறது. முன்னால் வரக்கூடியது தலைவருடைய குணம் ஒன்றே. அந்தக் குணம் எதில் வெளிப்படும்? கெட்ட செய்தியைக் கொண்டு வருகிறவனை அவர் எவ்விதம் நடத்துகிறார் என்பதில் வெளிப்படும். குழாய் கசிகிறது என்று சொல்ல வந்த மேஸ்திரியை நாற்காலியில் உட்காரச் சொல்லிக் கேட்கிறாரா, 'உன் வேலையைப் பார்' என்று விரட்டுகிறாரா? எண் தவறு என்று சொன்ன குமாஸ்தா அடுத்த மாதமும் அதே நாற்காலியில் இருக்கிறாரா? ஒரு கம்பெனியின் தர்மத்தை அளக்க இதைவிடச் சிறந்த படி நமக்குத் தெரியவில்லை.

நம் வீட்டாரின் பங்கு

இது பெரிய மனிதர்களின் விவகாரம், நமக்கென்ன என்று நேயர்கள் எண்ணிவிடலாகாது. கம்பெனிகளின் பணம் எங்கிருந்து வருகிறது? நம் வீட்டு அலமாரியிலிருந்துதான் வருகிறது. டெபாசிட்டாகவும், பங்காகவும், சேமநிதியாகவும், இன்ஷ்யூரன்ஸ் பிரீமியமாகவும் நாமே கொடுக்கிறோம். ஊரெல்லாம் நூற்றுக்கு 7, 8 வட்டி தருகையில் ஒருவர் மட்டும் 24 தருகிறேன் என்றால், எங்கிருந்து தருவார் என்று கேட்பது பேராசைக்கு மாற்று மருந்து. பங்குதாரருக்கு வரும் ஆண்டறிக்கையைப் பிரிக்காமலே பழைய பேப்பர்காரனுக்குப் போடுகிறோம். ஓட்டுச் சீட்டும் அதனுடன் போய்விடுகிறது. 2008 டிசம்பரில் சத்யத்தின் தலைவர் தம் குடும்பத்தாரின் இரண்டு கம்பெனிகளைச் சத்யத்தின் பணத்தால் வாங்க முயன்றபோது, பங்குதாரர்கள் கூக்குரலிட்டதும் சில மணி நேரத்திலேயே அந்த ஏற்பாடு கைவிடப்பட்டது. மூன்று வாரத்தில் உண்மை முழுதும் வெளிவந்தது. கேட்பாருடைய குரலுக்கு எவ்வளவு வலிமை பாருங்கள்!

வேறொரு பங்கும் நமக்கு உண்டு. இது இன்னும் முக்கியமானது. நாளைக்கு அந்த மேஜைகளைச் சுற்றி உட்காரப் போகிறவர்கள் இன்று நம் கூடத்தில் பாடம் படிக்கும் பிள்ளைகளும் பெண்களுமே. முதல் மாதச் சம்பளம் எவ்வளவு என்று ஆவலுடன் கேட்கிறோம், கேட்க வேண்டியதுதான். கூடவே, 'அந்தக் கம்பெனி என்ன செய்கிறது? யாருக்கு விற்கிறது? தவறு கண்டால் அங்கே வாய் திறக்க முடியுமா?' என்றும் கேட்டால் என்ன? 'மேலதிகாரி சொன்னார், கையெழுத்துப் போட்டேன்' என்று பிற்காலத்தில் சாட்சிக் கூண்டில் நின்று சொல்லும்படி நம் குழந்தையை வளர்க்காதிருப்பது, நாம் தேசத்துக்குச் செய்யும் சேவைகளுள் ஒன்று.

அந்நியருடைய கம்பெனி நம்மை ஆண்ட காலத்தில், நம் கையில் தொழில் வந்தால் நியாயம் தானே வந்துவிடும் என்று நம்பினோம். தொழில் நம் கைக்கு வந்து நெடுநாளாயிற்று. முதலாளியின் நிறம் மாறியதால் மாத்திரம் நாணயம் வந்துவிடாது என்பதையும் கண்டோம். சாவி இடுப்பில் இருக்கிறவர்கள் நகை தமதல்ல என்பதை ஒவ்வொரு நாளும் நினைக்க வேண்டும். நகைக்கு உடையவர்களாகிய நாம் ஒவ்வோர் ஆண்டும் கணக்குக் கேட்க வேண்டும். இவ்விரண்டும் சேர்ந்து நடக்கிற தேசத்தில்தான் காசுக்கும் குணத்துக்கும் ஒரே பெயர் வைத்த நம் முன்னோரின் வாக்கு மெய்யாகும்.